செயலாளரின் ஆண்டறிக்கை: நாதனார் கோயிலும் நாங்களும்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள், வருகை, சிரமதானம் எல்லாம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். இந்த வருடம் நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: திருகோணமலையில் கன்னியா தாண்டிப் பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தத் தலத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வந்ததும், அதைப் பற்றி மாதக்கணக்கில் கதைத்ததும்.

செயற்குழுவிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். விகாரைக்கும் தமிழரான எங்களுக்கும் என்ன என்று கேட்டார்கள். எங்கள் பெரியவர்கள் அந்த இடத்தை நாதனார் கோயில் என்று சொல்லி வந்ததை ஒரு ஐயா எழும்பிச் சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் சோழர் அனுராதபுரத்தைப் பிடித்து, பிறகு பொலன்னறுவையில் இருந்து ஆண்டார்கள். சோழர் படையெடுப்பில் விகாரைகள் உடைத்துக் கொள்ளையடிக்கப்பட்டதைச் சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் எழுதி வைத்திருக்கிறது, அதை நாங்கள் மழுப்பத் தேவையில்லை. ஆனால் அதே ஆட்சியில் இங்கே நடந்தது வேறு. வெல்கம் விகாரை பெருப்பித்துக் கட்டப்பட்டு, இராசராசப் பெரும்பள்ளி என்று சோழ மன்னன் ராஜராஜன் பெயரையே பெற்றது (பள்ளி என்றால் இங்கே விகாரை). லைடன் செப்பேடுகள் என்ற சோழர் காலச் செப்பேடுகள் சொல்லும் நாகபட்டினத்து விகாரைக்கும் இதே பெயர்தான், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். இங்கே அவ்வளவு பெரிய தானமெல்லாம் இல்லை. விளக்கெரிக்க ஒருவர் பசுக்களை விடுகிறார், இன்னொருவர் விளக்குக் கொடுக்கிறார், எல்லாம் தமிழில் கல்லில் இருக்கிறது. புத்தரைக் கும்பிட்ட தமிழர்கள் இந்தக் குளக்கரையில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1950களில் தொல்பொருள் திணைக்களம் தோண்டி வெளியே எடுத்த சிலைமனையின், அதாவது புத்தர் சிலை வைத்த கட்டடத்தின், அடித்தளமும் சோழ நாட்டுக் கோயில் வேலைப்பாடுதான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து, காலை வெயில் சாய்வாக விழுந்த இடத்தில் 'ப', 'ம', 'ட' என்று ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்து, தொடாமல் விரலை மேலே ஓட்டிக் காட்டினாள். கூட வந்த பெரியவர்கள் அதுவரை படம் எடுப்பதில்தான் மும்முரமாக இருந்தார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சோழர் ஆட்சிக்குப் பிந்தியது. 1070 அளவில் சோழரைத் துரத்திய சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு திருத்திக் கட்டிய விகாரைகளில் இதுவும் ஒன்று. சோழன் பெயர் ஒட்டிய இடம் என்று அவன் ஒதுக்கவில்லை. இந்த இடம் யாருடையது என்று இப்போது சண்டை பிடிப்பவர்கள், எங்கள் பக்கத்தவர் உட்பட, இதைப் பாதியாகத்தான் சொல்கிறார்கள்: ஒருவர் தமிழ்க் கல்வெட்டை விட்டுவிடுகிறார், மற்றவர் புத்தரை விட்டுவிடுகிறார்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வான் வாடகை கையைக் கடித்துவிட்டது, சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே தீர்த்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த பயணம் திரியாய்க்கு. அங்கே பாறையில் இருப்பது பல்லவ கிரந்தம் என்ற பழைய தென்னிந்திய எழுத்தில் சமஸ்கிருதம், ஆகவே வாசிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடிக்க வேண்டும், தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.