டிக்கெட்டை செப்டம்பருக்கு மாற்றியிருக்கிறேன்

மக்ளே,

ஜூலைக்குப் போட்டிருந்த டிக்கெட்டை செப்டம்பருக்கு மாற்றிவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே உனக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும். அதனால்தான் எழுதுகிறேன். "எலி மாதிரி இருக்கிற ரெண்டு ஜந்துக்காகவாம்மா பேரனைப் பார்க்க வரமாட்டேங்கிற?" என்று அன்றைக்குக் கேட்டாய். அவனைத் தூக்காமல் இருப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், கேள்.

நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற அந்த ஃபெரெட் எலி இல்லை. பார்த்தால் நம்ம ஊர்க் கீரி ஞாபகம் வரும். கீரியும் இல்லை, நீர்நாய் வம்சம். போல்கேட் என்கிற காட்டு விலங்கை 2,000 வருஷத்துக்கு முன்பே மனுஷன் பழக்கி வீட்டோடு சேர்த்துக்கொண்டான். முயல் வளைக்குள் இதை விட்டு, வாசலில் வலை கட்டி முயல் பிடிப்பார்கள். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற இந்த யார்க்‌ஷயர் பக்கம் இன்றைக்கும் வளர்க்கிறார்கள். நீ இருக்கிற கலிஃபோர்னியாவில் வீட்டில் வைத்துக்கொள்ளவே சட்டம் விடாது, அதனால் அங்கே நீ பார்த்திருக்க மாட்டாய்.

ரிட்டயர் ஆனதிலிருந்து, கைவிடப்பட்ட ஃபெரெட்டுகளை எடுத்து வளர்க்கிற ஒரு அம்மாவிடம் கூண்டு கழுவப் போய்வருகிறேன் அல்லவா? மே முதல் வாரம் ராத்திரி அவர் போன் செய்தார். யாரோ வீட்டைக் காலி செய்து போனவர் பின்கட்டு ஷெட்டில் மூன்றைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆண் ஒரு கூண்டில், பெண் இரண்டும் இன்னொன்றில். காய்ந்து போன ரொட்டியும் புளித்த பாலும் ஒரு தட்டில் இருந்தன. அந்தக் காலத்தில் இங்கே ரொட்டியும் பாலும்தான் இதற்குத் தீனி என்று ஒரு வழக்கம் இருந்ததாம். அது இதற்கு ஆகவே ஆகாது. இதன் குடல் ரொம்பக் குட்டை. தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். இறைச்சி ஒன்றுதான் இதன் உடம்பில் ஒட்டும்.

ஆணை நம் உளுந்து நிறுக்கிற தராசில் வைத்தேன். 790 கிராம். ஒன்றரைக் கிலோ இருக்கவேண்டிய பிராணி, மக்ளே. காதுக்குள் உண்ணி மண்டி, காப்பித்தூள் மாதிரி அழுக்கு. நகம் வளைந்து பாதத்திலேயே குத்தியிருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து ஒரு கோரைப்பல் பாதி உடைந்து போயிருந்தது. அவனுக்கு முத்து என்று பேர் வைத்தேன். பெண்கள் கறுப்பி, சின்னவள்.

கறுப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. இதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்தபின் ஆணோடு சேராவிட்டால், அந்தப் பருவம் தானாக அடங்காது. கருத்தடை செய்திருக்க வேண்டும், இல்லை பருவத்தை அடக்கும் ஊசியாவது போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையை அழித்துவிடும். புது ரத்தம் ஊறாது. நான் அவளைப் புரட்டிப் பார்த்தபோது ஈறு வெளுத்துப் போய், துவைத்த பஞ்சு மாதிரி இருந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். முப்பது வருஷம் வார்டில் நின்றவள் நான், அதைப் பார்த்த உடனே அடிவயிறு கலங்கிவிட்டது. ரத்தத்தில் நூற்றுக்கு 45 பங்கு அளவில் இருக்கவேண்டிய சிவப்பணு 12 பங்குதான் இருக்கிறது என்றார் மிருக டாக்டர். ஃபெரெட்டுகளுக்கு நம்மைப் போல ரத்த வகை கிடையாது, எதன் ரத்தத்தையும் எதற்கும் ஏற்றலாம். அந்த அம்மா தன்னிடமிருந்த கொழுத்த ஆணை உடனே கொண்டுவந்தார். ஏற்றினோம். மறுநாள் விடியற்காலையில் என் துண்டுக்குள்ளேயே போய்விட்டாள். நேரத்தோடு அந்த ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். சின்னவளுக்கு அந்த ஊசியை முதல் நாளே போட்டுவிட்டார்கள்.

மீதி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு போடக்கூடாது. போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயமே நின்றுகூடப் போகலாம். மனுஷனுக்கும் இதே கதைதான். இறைச்சிக் கூழை வெதுவெதுப்பாக்கி, சிரிஞ்சில் நாலு மில்லி, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி ஒரு மணி, மூன்றரை, ஆறு. வார்டில் செய்வது போலவே ஒரு நோட்டுப் போட்டு எடை, தின்ற அளவு, மலத்தின் நிறம் எல்லாம் எழுதினேன்.

மூன்றாம் நாள் முத்து என் சுண்டுவிரலைக் கவ்விவிட்டான். கோழிக்குடல் வாசனை போகக் கை கழுவாமல் நீட்டியது என் தப்பு. விடவே இல்லை. இழுத்தால் சதை கிழியும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் உடம்பு முழுக்க நடுங்குவது என் விரல் வழியாகத் தெரிந்தது. இன்னொரு கையால் கூழை மூக்கருகே கொண்டுபோனேன். கடியை விட்டான், நக்கினான், அப்படியே என் மடியில் தூங்கிப்போனான். அதன்பின் என்னைக் கடித்ததே இல்லை.

மே கடைசியில் எனக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. நம் ஃப்ளூ இதுகளுக்கு அப்படியே ஒட்டும். 1933இல் லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் மனுஷ ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்ததே ஃபெரெட்டை வைத்துத்தான். அந்த ஆராய்ச்சியில் நோய் வந்த ஃபெரெட் ஒன்று டாக்டர் ஒருவரின் முகத்தில் தும்ம, அவரும் ஃப்ளூவில் படுத்தார். அதனால் நான் மாடியில் அடைந்துகொண்டேன். பத்து நாள் அப்பாதான் மாஸ்க் போட்டுக்கொண்டு ராத்திரி ராத்திரி எழுந்து சிரிஞ்சு பிடித்தார். உன்னைக் கைக்குழந்தையாக வைத்திருந்தபோதுகூட அவர் இப்படி எழுந்ததில்லை.

பூட்டிப் போன அந்த ஆளின் மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மிருகத்தை வைத்திருப்பவனுக்குக் கடமை உண்டு என்று 2006இல் இங்கே சட்டம் போட்டார்கள். ஆறு மாசமாக இருந்த அதிகபட்சச் சிறைத் தண்டனையை 2021இல் ஐந்து வருஷமாக உயர்த்தினார்கள். புகார் கொடுத்திருக்கிறோம். கறுப்பியின் படங்களை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முத்து இப்போது 1,260 கிராம். சாயங்காலம் கூண்டைத் திறந்தால் முதுகை வில்லாக வளைத்து, நாலு காலும் தரையில் படாமல் துள்ளி, "டுக் டுக்" என்று சத்தம் போட்டுக்கொண்டு சோபாவில் மோதுவான். சந்தோஷம் வந்தால் இதுகள் அப்படித்தான் ஆடும். சின்னவள்தான் இன்னும் 560ஐத் தாண்டவில்லை. மேலேயிருந்து கை வந்தால் மூலையில் ஒடுங்கிக்கொள்கிறாள். குட்டியில் பழகாத தீனியை வளர்ந்த ஃபெரெட் லேசில் தொடாது. கூழிலிருந்து துண்டு இறைச்சிக்கு அவளை மாற்ற இன்னும் ஏழெட்டு வாரமாவது ஆகும், அதுவரை என் கையிலிருந்துதான் தின்பாள். நடுவில் நான் விமானம் ஏறினால் அவள் பட்டினியில் விழுவாள். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள ஒரு குடும்பம் பேசி வைத்திருக்கிறது.

பேரனுக்கு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டேன். செப்டம்பருக்குள் வளர்ந்துவிடுவான் என்று இரண்டு விரல் பெரிசாகப் போட்டிருக்கிறேன். அவன் நெஞ்சளவை மட்டும் இன்னொரு தடவை எடுத்து அனுப்பு.

அம்மா