பெட்டி வந்துவிட்டதா?

சாலிகிராமம்,
சென்னை.

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். உன் பேத்தியின் திருமண அழைப்பு முந்தாநாள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. மணமக்கள் இருவரும் மலையடிவாரத்தில் நடந்து வர, பின்னால் நாதஸ்வரம் ஒலிக்க, ஒரு நிமிடக் காணொளியாக அதைச் செய்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் நீ படம் ஓட்டிய சினிமாக் கொட்டகையை மூடிய பிறகு சிவகாசி அச்சகத்தில் நின்று ஊரார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் அடித்துக் கொடுத்த உன் வீட்டுப் பத்திரிகை, காகிதம் இல்லாமல் வந்ததை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சாமி முன்னால் வைப்பதற்கும் சம்பந்தி வீட்டுக்குமாக ஐம்பது மட்டும் அடித்திருப்பதாக மறுநாள் நீயே தொலைபேசியில் சொன்னபோது உன் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அது வேண்டியதில்லை.

சினிமாக்காரர்கள் நடுவிலேயே குடியிருக்கிறாயே, இப்போது அங்கே என்னதான் நடக்கிறது என்று நீ கேட்டாய். அதைத் தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் மகள் வயிற்றுப் பேரன் படத்தொகுப்பாளர் ஒருவரிடம் உதவியாளனாக இருக்கிறான். படப்பிடிப்பிலிருந்து வருகிற மெமரி கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதியெடுத்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் அவன் வீடு திரும்ப முடியும். அதற்கு இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. பிலிம் காலத்தில் நானூறு அடிச் சுருளை கேமராவில் மாட்டினால் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் நடிகர்களுக்கு ஒத்திகை பார்த்து, விளக்கைச் சரிசெய்து, இயக்குநருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெளிவான பிறகுதான் கேமரா ஓடும். இப்போது ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவில் கேமராவை நிறுத்துவதே இல்லையாம். நடிகர் தண்ணீர் குடிப்பதும் இயக்குநர் வசனத்தை மாற்றிச் சொல்லிக் கொடுப்பதும் சேர்ந்தே பதிவாகின்றன. அவ்வளவையும் உட்கார்ந்து பார்த்துப் பிரிக்கிற வேலை என் பேரன் போன்ற பையன்களின் தலையில் விழுகிறது. செலவு குறைந்துவிட்டது என்கிறார்கள். பிலிமுக்கான செலவு குறைந்தது உண்மை. அதற்குப் பதிலாக இந்தப் பையன்களின் தூக்கம் செலவாவதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

பிலிம் தயாரிக்கும் கோடாக் நிறுவனம் 2012இல் திவால் மனு கொடுத்ததும், 2013இல் ஃபூஜி சினிமா பிலிம் தயாரிப்பதை நிறுத்தியதும் உனக்கு நினைவிருக்கலாம். அந்தச் செய்திகளை வாசித்தபோது எனக்கு அவை எங்கோ நடந்த சாவு போலத்தான் இருந்தன. நம் வீட்டுச் சாவு என்று உணர்ந்தது பின்னால்தான், நம் கொட்டகையில் பிலிம் பெட்டி வருவது நின்று போனபோது.

அந்தப் பெட்டியைப் பற்றி என் பேரனிடம் சொன்னால் கதை என்று நினைக்கிறான். முப்பது கிலோவுக்குக் குறையாத தகரப் பெட்டிகள் மதுரையிலிருந்து பேருந்தின் கூரையில் ஏறி வரும். 'பெட்டி வந்துவிட்டதா?' என்ற கேள்வியைத் தவிர வேறு பேச்சு அன்றைக்கு ஊரில் இருக்காது. வரும்போது படம் பெரிய ஊர்களில் நூறு நாள் ஓடி, அடுத்த ஊர்களைச் சுற்றி, தேய்ந்து போயிருக்கும். கீறல்களால் திரையில் சதா மழை பெய்துகொண்டிருக்கும். நம்மைப் போன்ற ஊர்களுக்கு 'சி சென்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள் அல்லவா, அந்தப் பெயரிலேயே நம் இடம் எது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரே பிரதியைத்தான் திருத்தங்கலில் நானும் சிவகாசியில் நீயும் பங்கு போட்டு ஓட்டினோம். நான் ஒரு ரீலை ஓட்டி, சுற்றி, டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். மாரியப்பன் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்து உன்னிடம் வந்து சேர்ப்பான். ரயில்வே கேட்டு மூடியிருந்தால் உன் கொட்டகையில் இடைவேளை நீளும், முறுக்கு விற்பவனுக்கு மட்டும் கொண்டாட்டம். இரண்டு ஊர்ச் சனங்களின் பொழுது ஒரு மனிதனின் கால் வலுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்குப் படம் செயற்கைக்கோள் வழியாகவோ கைக்கு அடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்கிலோ வந்துவிடுகிறது. சென்னைக்காரர்களான க்யூப் நிறுவனத்தார் இந்த வேலையில் முன்னோடிகள். சென்னையில் முதல் காட்சி தொடங்குகிற அதே வெள்ளிக்கிழமை காலையில் திருத்தங்கல்காரனும், கீறல் ஒன்றுகூட இல்லாமல், அதே படத்தைப் பார்க்கலாம். பழையதை நினைத்துப் புலம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் நீயும் 'சி சென்டர்' மனிதர்கள். நமக்குக் கிடைக்காத மரியாதை நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வருகிற படம் எல்லா ஊரிலிருந்தும் ஒரே நாளில் போயும் விடுகிறது. இரண்டாவது வெள்ளிக்கிழமையைத் தாண்டுவதே சாதனையாகிவிட்டது.

ஆபரேட்டர் அறையிலும் இப்போது ஆபரேட்டருக்கு வேலை இல்லை. ஹார்ட் டிஸ்கில் இருக்கும் படம் பூட்டப்பட்டிருக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த ஒரு கருவியில் மட்டும் திறக்கும்படி தனியாக ஒரு சாவி அனுப்புவார்கள். சாவி என்றால் இரும்பு அல்ல, எழுத்தும் எண்ணும். சென்ற ஆண்டு ஒரு திரையரங்கில் அந்தச் சாவி வராமல் அறுநூறு பேர் முக்கால் மணி நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் யாருக்கோ தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தார். திட்டுவதற்குக்கூட ஒரு மாரியப்பன் இல்லை. 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கும் மேலாகத் தமிழில் புதுப் படங்களே வெளியாகாமல் இருந்ததும் இந்தப் புதிய வழிக்கான கட்டணத் தகராறில்தான். வழி மாறினாலும் சுங்கச்சாவடி மாறவில்லை.

இனி உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தீபாவளிக்குப் பிறகு வந்த படத்தில், உன் கொட்டகையில் ஒரு பாட்டு வரவில்லை என்று சனங்கள் நாற்காலியை உடைத்ததும், முதலாளி உன் அரைமாதச் சம்பளத்தைப் பிடித்ததும் நினைவிருக்கிறதா? பிரதியே அப்படித்தான் வந்தது என்று அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னேன். அது பொய். கடைசிப் பேருந்துக்குள் இரவுக் காட்சியை முடிக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் சொன்னார். நான் மூன்று நிமிடப் பாட்டை, சரியாக இருநூற்று எழுபது அடியை, வெட்டியெடுத்துவிட்டு ஒட்டுப் போட்டேன். பிரதி ஒன்றுதானே, அதனால் உன் ஊருக்கும் பாட்டு இல்லாமல் போயிற்று. பெட்டியைத் திருப்பி அனுப்புமுன் மறுபடியும் சேர்த்து ஒட்டிவிட்டேன், ஓரடித் துண்டைத் தவிர.

இத்தனை காலம் கழித்து இது ஏன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது என்றால், 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படத்தின் முடிவைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மாற்றி மறுபடியும் திரையிட்டார்கள். 2013இல் படம் வெளியானபோது கதை முடிவில் இறந்துபோன நாயகன் இப்போது கண் விழிக்கிறான். படத்தின் உரிமை தங்களுடையது என்கிறார்கள் வெளியிட்டவர்கள். எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று இயக்குநரும் நாயகனாக நடித்த தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு என் கத்தரிக்கோல்தான் நினைவுக்கு வந்தது. என்னைக் கேட்டால் நானும் மேலாளர் சொன்னார் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வெட்டியது இரண்டு ஊருக்கு. வெட்டியதை எடுத்து வைத்திருந்தேன். ஒட்டு விழுந்த இடத்தில் திரை ஒரு துள்ளு துள்ளி, இங்கே எவனோ கை வைத்திருக்கிறான் என்று காட்டிக்கொடுத்துவிடும். இனி வருகிற வேலைகளில் அந்தத் துள்ளல் இருக்காது. நடிக்காத நடிப்பை நடித்ததாக நாளைய பிள்ளைகள் நம்புவார்கள். பேரனிடம் இதைச் சொன்னேன். 'தாத்தா, உங்கள் காலத்திலும் கேட்காமல்தானே வெட்டினீர்கள்?' என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக் காரியங்களும் இதே வழியில்தான் போகின்றன. சென்ற மாதம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானார். ஃபுளோரிடாவிலிருக்கும் மகனுக்கு விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை. கொள்ளி வைத்தது வரைக்கும் ஒருவர் கைபேசியில் காட்டிக்கொண்டே நின்றார். அந்தப் பையன் அங்கே தரையில் விழுந்து அழுததை நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னத் திரையில் பார்த்தோம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கருவி இல்லையென்றால் அவனுக்கு அதுவும் இல்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் உறவினர் சிலரும் அதே காட்சியை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு, கும்பிடுகிற கைப்படம் ஒன்றை அனுப்பி முடித்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபங்களில் மொய் எழுதுகிற இடத்திலும் இப்போது கியூஆர் அட்டையை வைத்துவிட்டார்கள். வராதவன் மொய்யும் வந்துவிடுகிறது. தூரத்திலிருப்பவனுக்காக வந்த வசதியைப் பக்கத்திலிருப்பவன் எடுத்துக்கொண்டான்.

உன் பேத்தி கல்யாணத்தையும் யூடியூபில் நேரலையாகக் காட்டப் போகிறார்கள் என்று அழைப்பின் அடியில் போட்டிருக்கிறது. எனக்கு அந்த லிங்க் வேண்டாம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறேன். மூட்டு வலி இருப்பதால் மாடியில் படுக்கை போட்டுவிடாதே. மாரியப்பனின் மகன் திருத்தங்கலில் எங்கே இருக்கிறான் என்று விசாரித்து வை, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த ஓரடித் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினாறு படச்சட்டங்கள், ஓட்டினால் ஒரு வினாடிகூட வராது. வரும்போது எடுத்து வருகிறேன். நீ வைத்திருந்த பழைய லென்ஸ் பரணில் கிடந்தால் துடைத்து வை. பிடித்த அரைமாதச் சம்பளத்தையும் கொண்டு வருகிறேன், வட்டி மட்டும் கேட்காதே.

என்றும் உன்,
ராஜமாணிக்கம்