எத்தனை சென்ரிமீற்றர்?

கோண்டாவில்,
தை 19.

அன்பு மகளுக்கு,

இஞ்சை நாங்கள் சுகம். நீயும் சுகமாய் இருக்க நல்லூரானை மன்றாடுறம். பொங்கலுக்கு எடுப்பாய் எண்டு போனைச் சுவாமி அறை வாசலிலையே வைச்சிருந்தனான். நீ எடுக்கேல்லை. பின்னேரம் ஒரு படம் வந்தது, அதோடை ஒரு பட்டியல். "இந்த ஏரியளுக்கெல்லாம் போகப்போறன் அம்மா, எதுக்கு எப்ப போறது எண்டு சொல்லுங்கோ" எண்டு எழுதியிருந்தாய். புவியியல் ரீச்சரிட்டைக் கேட்டிருக்கிறாய், சொல்லுறன். பட்டியலிலை எங்கடை ஊர் இல்லை. அது பரவாயில்லை.

படம் வடிவுதான். கறுத்த நீலக் கண்ணாடி மாதிரி ஐஸ், அதுக்குள்ளை அப்பம் அடுக்கினது போலை வெள்ளைக் குமிழ், நடுவிலை நீ மல்லாந்து படுத்திருக்கிறாய். அப்பா அதைப் பெருசாக்கிப் பாத்துப்போட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். "எங்கடை பிள்ளை தண்ணிக்கு மேலை படுத்திருக்கு" எண்டு அவருக்குப் பெருமை. எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை இல்லை.

அது அங்கை கனடாவிலை இருக்கிற ஆபிரகாம் ஏரி எண்டு குமிழைக் கண்ட உடனை விளங்கிச்சுது. ஏரி எண்டு பேர்தான். 1972 இலை பிக்ஹோர்ன் அணையைக் கட்டி வடக்குச் சஸ்காச்சுவான் ஆத்தை மறிச்சதிலை வந்த குளம், எங்கடை இரணைமடு மாதிரி எண்டு வை. தண்ணிக்குள்ளை தாண்ட மரம் செடி எல்லாம் அடியிலை கிடந்து அழுக, மெதேன் வாயு குமிழாய் மேலை வருது. வந்த குமிழ் ஐஸிலை தட்டுப்பட்டு நிக்கும். ஐஸ் நாளுக்கு நாள் கீழ்ப்பக்கமாய்த் தடிக்க, அதுக்குக் கீழை அடுத்த குமிழ் வந்து நிக்கும். அதாலைதான் அந்த அடுக்கு. மினவாங்கா ஏரியிலையும் வெர்மிலியன் ஏரியளிலையும் குமிழ் இருக்கு, ஆனால் பனி விழுந்து மூடிப்போடும். ஆபிரகாமிலை காத்து பனியை வழிச்சுத் துடைச்சு விடுது. ஜனவரி நடுவிலையிருந்து பெப்ரவரி நடு வரைக்கும் நல்ல காலம். அதே காத்து ஆளையும் விழுத்தும். சப்பாத்துக்குக் கீழை ஆணிப்பட்டை கட்டாமல் ஒரு அடி வைக்கக்கூடாது. படத்திலை உன்ரை சப்பாத்து வெறுஞ்சப்பாத்து.

இனிச் சொல்லுறதைக் கவனமாய் வாசி. அணைக்குளம் எண்டபடியால் மின்சாரத்துக்குக் குளிர்காலம் முழுக்கத் தண்ணி திறப்பினம். மேலை ஐஸ் உறைஞ்சு நிக்க, கீழை தண்ணி இறங்கிக்கொண்டு போகும். மிதக்கிற ஐஸுக்குத் தண்ணி முண்டு குடுக்கும். தண்ணி இறங்கின இடத்திலை ஐஸ் அந்தரத்திலை தொங்கும், இல்லாட்டிச் சரிஞ்சு வெடிக்கும். கரையோரந்தான் இதிலை மோசம், நீங்கள் ஏறி இறங்கிறதும் அதாலைதான். நடு ஏரியிலை பயமில்லாமல் நிண்ட ஆக்கள் கரைக்கு வரேக்கை தண்ணிக்குள்ளை தாண்டு போகலாம். ஆறு, ஓடை வந்து விழுற வாயிலும் ஐஸ் மெல்லிசு.

கனடாச் செஞ்சிலுவைச் சங்கத்தின்ரை கணக்கு இது: தனி ஆள் நடக்க 15 சென்ரிமீற்றர், பல பேர் சேர்ந்து சறுக்கி விளையாட 20, பனி ஸ்கூட்டர் ஓட 25. இதெல்லாம் தெளிஞ்ச நீல ஐஸுக்கு. பனி ஊறி உறைஞ்ச வெள்ளை ஐஸுக்கு அரைவாசிப் பலம்தான், அதுக்கு இரட்டிப்பாய்க் கணக்குப் பார். சாம்பல் நிறமெண்டால் உள்ளுக்குத் தண்ணி இருக்கு, கிட்டப் போகாதை. கண்ணாலை பாத்து ஆழம் சொல்லேலாது. துறப்பணம் போட்டுத் துளைச்சு, அடிமட்டம் விட்டு அளக்க வேணும். ஒரு இடத்திலை அளந்தால் காணாது, போகப் போக அளக்க வேணும்.

ரெண்டு பேர் எண்டால் தனி ஆள் கணக்கோ கூட்டத்தின்ரை கணக்கோ எண்டு அவை எழுதேல்லை. நான் 20 எண்டுதான் சொல்லுவன். நீ தனியப் போனனியோ, ஆரும் கூட வந்தவையோ எண்டு தெரிஞ்சால்தான் சரியான கணக்குச் சொல்லலாம். படம் நல்ல உயரத்திலையிருந்து எடுத்திருக்கு. செல்ஃபிக் கம்பாலை எடுத்ததெண்டால் நீளமான கம்பு.

ஐஸ் உடைஞ்சு விழுந்தால் 1-10-1 எண்டு ஞாபகம் வை. முதல் 1 நிமிசம் மூச்சு உன்ரை சொல்லுக் கேக்காது, இழுத்து இழுத்து அடிக்கும். அப்ப வெளியிலை வரப் பாக்காதை, வாயைத் தண்ணிக்கு மேலை வைச்சு மூச்சை அடக்கு. பிறகு 10 நிமிசம் கைகால் வேலை செய்யும். வந்த பக்கத்தைத் திரும்பிப் பார், ஏனெண்டால் அந்த ஐஸ்தான் உன்னை அவ்வளவு தூரம் தாங்கினது. ரெண்டு கையையும் ஐஸுக்கு மேலை நீட்டி, காலாலை உதைச்சு உதைச்சு உடம்பைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டுவா, பேந்து ஊர்ந்து ஏறு. ஏறின உடனை எழும்பி நிக்காதை, உருண்டு உருண்டு வா. கடைசி 1 எண்டது 1 மணித்தியாலம், குளிராலை நினைவு தப்ப முந்தி இருக்கிற நேரம். கன சனம் விழுந்த உடனை உறைஞ்சு செத்துப்போவம் எண்டு பயந்துதான் முதல் நிமிசத்திலையே தாழுது. கூட வந்தவர் கிட்ட ஓடி வரக்கூடாது, படுத்துக்கொண்டு கயிறோ தடியோ எறிய வேணும். கூட வந்தவர் எண்டு ஆரும் இருந்தால்.

போற வழியும் சொல்லவேணும். கல்கரியிலையிருந்து பான்ஃப் பக்கத்தாலை போனால் 93 ஆம் இலக்க றோட்டு. நவம்பர் 1 தொடக்கம் ஏப்ரல் 1 வரைக்கும் அதிலை பனி ரயர் இல்லாமல் ஓடுறது சட்டத்துக்கு மாறு. பெற்றோலை லேக் லூயீசிலையே நிரப்பு. அதிலையிருந்து ஏரிக்குத் திரும்புற 11 ஆம் இலக்க றோட்டிலை போன் சிக்னலை நம்பாதை. போக முந்தி எத்தனை மணிக்குத் திரும்புவாய் எண்டு ஆருக்கும் சொல்லிப்போட்டுப் போ. எனக்குச் சொன்னாலும் சரி.

இஞ்சத்தைப் புதினம் பெரிசாய் இல்லை. மேற்கு வளவு அலுவல் முடிஞ்சுது, உன்ரை கையெழுத்து மட்டும் மிச்சம். சின்ன மாமி வந்து வழமையான கேள்வி கேட்டவ, நான் வழமையான பதில் சொன்னனான். கிணறு இந்த முறை உவராகேல்லை.

இனிப் பட்டியல். மொரெய்ன் ஏரி உனக்குக் கிட்ட, அதை முதல் பார். ஜூன் தொடக்கத்திலை போகாதை, தண்ணி பாதிதான் நிக்கும். ஜூன் கடைசி, ஜூலைதான் நிறம். பனியாறு பாறையை மா மாதிரி அரைச்சுக் கொண்டுவரும். அந்த மா அடையாமல் தண்ணியிலை மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதாலைதான் அந்த நீலம். 2023 இலையிருந்து சொந்த வாகனம் விடமாட்டினம். தேசியப் பூங்கா பஸ்ஸிலை இடம் பிடிக்க வேணும், கொஞ்ச ஆசனத்தைப் போற நாளுக்கு ரெண்டு நாள் முந்திக் காலமை 8 மணிக்குத் திறப்பினம். பழைய 20 டொலர் தாளின்ரை பின்பக்கத்திலை இருந்த காட்சி அதுதான். ஓசோயூஸுக்குப் பக்கத்திலை புள்ளி ஏரி இருக்கு. கோடையிலை தண்ணி வத்த, மக்னீசியம் சல்பேற்று மாதிரி உப்புகள் வட்டம் வட்டமாய்த் தெரியும். ஒகனாகன் பூர்வகுடிச் சனத்துக்கு அது கோயில் மாதிரி. வேலிக்கு வெளியிலை நிண்டு பார், உள்ளை இறங்காதை.

அவுஸ்திரேலியாவிலை ஹில்லியர் எண்டு ஒரு ரோசா நிற ஏரி போட்டிருக்கிறாய். அது தீவிலை இருக்கு, எஸ்பெரன்ஸிலையிருந்து சின்ன விமானத்திலை ஏறித்தான் மேலையிருந்து பாக்கிறது. உப்புத் தண்ணியிலை வாழுற நுண்பாசியும் பக்ரீரியாவும் குடுத்த நிறம், போத்தலிலை அள்ளினாலும் மாறாது எண்டுவினம். ஆனால் 2022 பெருமழைக்குப் பிறகு அந்த நிறம் மங்கிப்போச்சுது, திரும்பினதோ எண்டு கேட்டுப்போட்டுப் போ. எஸ்பெரன்ஸ் ஊரிலையே பிங்க் லேக் எண்டு ஒண்டு இருக்கு. பேரை நம்பிப் போய் ஏமாறாதை, அது நிறம் போய்க் கன காலம். காரிலை போய்ப் பாக்க வேணுமெண்டால் போர்ட் கிரகரியிலை ஹட் லகூன், வெய்யில் ஏறின நேரம்.

கஸக்ஸ்தானிலை கைண்டி: 1911 பூமி அதிர்ச்சியிலை மலை சரிஞ்சு பள்ளத்தாக்கை அடைச்சு, மரமெல்லாம் நிண்ட நிலையிலையே தாண்டுபோச்சுது. மேலை கப்பல் பாய்மரம் மாதிரி மொட்டை மரம் நிக்கும். இந்தோனேசியாவிலை கெலிமுத்து: ஒரு மலை உச்சியிலை மூண்டு ஏரி, மூண்டும் வேறை வேறை நிறம், எரிமலை வாயு மாற நிறமும் மாறும். மோனி கிராமத்திலை தங்கி விடிய முந்தி ஏற வேணும், வெய்யில் ஏற முகில் மூடிப்போடும். செத்தவையின்ரை ஆன்மா அங்கைதான் போகுதெண்டு லியோ சனம் நம்புது, வயசு போனவைக்கு ஒண்டு, இளசுகளுக்கு ஒண்டு, கெட்டவைக்கு ஒண்டு. வேலி தாண்டாதை.

சாக்கடல் கடல் மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கூடக் கீழை இருக்கு. வருசம் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் இறங்குது, கரையிலை நிலம் திடீரெண்டு உள்ளை போற குழியும் இருக்கு. அதாலை குளிக்கிறதுக்கெண்டு விட்ட கரையிலை மட்டும் இறங்கு. முழங்கால் தாண்டினாப்பிறகு பின்பக்கமாய் இரு, தண்ணி தூக்கும். குப்புறத் திரும்பினால் காலைக் கீழை வைக்கேலாது, முகம் உள்ளை போகும், ஒரு மிடறு போனாலும் ஆசுப்பத்திரிதான். கீறல், காயம் இருந்தால் எரியும். 15 நிமிசம் காணும், ஏறி நல்ல தண்ணியிலை கழுவு. நீந்தத் தெரியாத ஆளும் மிதக்கலாம் எண்டு எழுதுவினம். நீந்தத் தெரியாத ஆளுக்குத்தான் திரும்பினால் நிமிரத் தெரியாது.

உன்ரை பட்டியலிலை இல்லாத ஒண்டு நான் சொல்லுறன். கமரூனிலை நியோஸ் ஏரி. எங்கடை நிலாவரைக் கிணறு மாதிரி எண்டு வை, மேலை ஒரு தண்ணி, கீழை வேறை தண்ணி, ரெண்டும் கலக்காது. நிலாவரையிலை கீழை உப்பு. நியோசிலை அடியிலை எரிமலையின்ரை கரியமில வாயு கரைஞ்சு கிடந்தது, மேல் தண்ணியின்ரை பாரம் அதை அமத்தி வைச்சிருந்தது. மேலை பாத்தால் ஒரு அசைவும் இல்லை. 1986 ஆகஸ்ட் 21 இரவு அது ஒருமிக்கப் பொங்கி, 1,700 பேருக்கு மேலை மூச்சடைச்சுச் செத்தவை, கன பேர் நித்திரையிலை. 2001 இலை அடிவரைக்கும் ஒரு குழாய் இறக்கினவை. முதல் ஒருக்காத்தான் பம்பாலை இழுக்க வேணும். தண்ணி மேலை ஏற ஏறப் பாரம் குறைஞ்சு, வாயு குமிழாகித் தண்ணியைத் தானே தள்ளும். பிறகு பம்பு தேவையில்லை, ஆரும் கேக்கத் தேவையில்லை, தானாய் வந்துகொண்டே இருக்கும். முதல் இழுப்புத்தான் கஷ்டம்.

ஆணிப்பட்டையை மறந்துபோடாதை.

பிள்ளை, நீந்தத் தெரியாமல் உன்னை அனுப்பினது நான். கீரிமலையிலை அண்ணா நீந்தப் பழகேக்கை உன்னைப் படியிலை இருத்தி வைச்சனான். பொம்பிளையளுக்கு வேறை கேணி இருந்தது, மாமி நான் பழக்கிறன் எண்டும் சொன்னவ. ஈர உடுப்போடை நிண்டால் சனம் என்ன சொல்லும் எண்டு விடேல்லை. தண்ணிக்குப் பயந்தில்லை, சனத்துக்குப் பயந்து. பேந்து நீ மற்ற விசயம் வந்து சொல்லேக்கையும் நான் அதே சனத்தைத்தான் பாத்தனான். அண்டைக்கு நான் கதைச்சது பிழை. அதை நேரிலை சொல்ல எனக்கு வாய் வராது, அதுதான் எழுதுறன்.

அங்கை நகரசபைத் தடாகங்களிலை பெரியாக்களுக்கும் நீச்சல் வகுப்பு இருக்கு. மார்ச்சிலை ஐஸ் உருக முந்திச் சேர். ஐஸிலை இறங்கிறதெண்டால் அளந்துபோட்டு இறங்கு.

பெரிய கடிதம் எழுத உனக்கு நேரமிருக்காது. 15 ஓ 20 ஓ எண்டு இலக்கத்தை மட்டும் வட்ஸ்அப்பிலை போடு, அப்பாவுக்குக் காட்டமாட்டன். மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிருக்கிறன். 15 எண்டால் ஒரு கிலோ அனுப்புறன், 20 எண்டால் ரெண்டு.

அன்புடன்,
அம்மா