கறுப்புக் கட்டை அஞ்சு போதும் மாப்ளே

மாப்ளே,

நீ எழுதிப் பத்து நாளாகிறது. மீன்பிடித் தடைக்காலம்தானே, தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறவனுக்குப் பதில் போட என்ன கேடு என்று திட்டியிருப்பாய். ஈதான் ஓட்டினேன், ஆனால் ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மஸ்கட்டில் 61 கட்டை கீபோர்டு வாங்கப் போகிறேன் என்றாய். (இங்கே தடைக்காலமும் 61 நாள்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.) வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ரெண்டு மாதம் பொறு. நம் கோயில் பாட்டுக்குழுவில் இருந்த கீபோர்டு கதி தெரியுமா? உப்புக் காற்றில் ஒவ்வொரு கட்டையாக ஊமையாகி, போன தவக்காலத்தில் நடு ஸ்தாயி பஞ்சமமே போய்விட்டது. பஞ்சமம் இல்லாத கீபோர்டில் பஞ்சமமே வராத இந்தோள ராகம்தான் வாசிக்கலாம், பூசைக்கு எத்தனை இந்தோளம் வாசிப்பது?

அதனால்தான் கடைக் கணினியில் வி.எம்.பி.கே. என்ற நிரலை இறக்கினேன். வெர்ச்சுவல் மிடி பியானோ கீபோர்டு என்பதன் சுருக்கம். காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். திரையில் பியானோக் கட்டைகள் வரும், மவுஸால் அழுத்தலாம், இல்லையென்றால் நாம் தட்டச்சு செய்கிற எழுத்துகளையே கட்டையாக்கிக்கொள்ளலாம்.

திறந்தேன், அழுத்தினேன், திரையில் கட்டை நிறம் மாறுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாட்டி அரை நாள் போயிற்று. அப்புறம்தான் புரிந்தது, இதற்கு வாயே கிடையாது. படகுக்காரச் சம்மாட்டி கரையில் நின்று உத்தரவு போடுவதோடு சரி, வலை இழுப்பவன் வேறு ஆள் இல்லையா, அந்த மாதிரி. இது "60-ஆம் சுரம், இவ்வளவு பலத்தில்" என்று ஒரு சேதி அனுப்பும், அவ்வளவுதான். 60 என்றால் நடு ஸ்தாயியில் ஒரு கட்டை சுருதியின் ஸட்ஜம். 1983-இல் வந்த மிடி என்கிற அந்தச் சேதிமுறைதான் இன்றும் ஓடுகிறது, சுரத்துக்கு 0 முதல் 127 வரை எண். சத்தம் போடுவது சிந்தசைசர். மெனுவில் மிடி இணைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய் வெளியீட்டுக்கு எந்த சிந்தசைசர் என்று காட்ட வேண்டும்.

கணினியோடு கூடவே வந்த சிந்தசைசரைக் காட்டினேன். சத்தம் வந்தது, ஆனால் விரல் இறங்கிக் கொஞ்சம் கழித்து வந்தது. தூரத்தில் வல்லத்துக்கு (படகுக்கு) ஆணி அடிக்கிறவனைப் பார்த்திருக்கிறாயே, சுத்தியல் மேலே போன பிறகுதான் டொக் என்று கேட்கும், அதே கூத்து. தாளம் எங்கே நிற்கும்? ஃப்ளூயிட்சிந்த் என்ற இலவச சிந்தசைசருக்கு மாறி, பஃபர் (சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்புகிற இடம்) அளவை 256-க்குக் குறைத்தேன். நொடிக்கு 44,100 ஒலித் துணுக்கு (சாம்பிள்) என்ற கணக்கில் 1024 என்றால் ஒரு பஃபருக்கே 23 மில்லிநொடி, 256 என்றால் ஆறுக்குள். ரொம்பக் குறைத்தால் கரகர என்று உடையும், பார்த்துச் செய். இன்னொன்று, ப்ளூடூத் இயர்போன் மாட்டாதே, அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். வயர் உள்ளதை மாட்டு, உன் அறையில் தூங்குகிற மற்ற மூன்று பேரும் உன்னை வாழ்த்துவார்கள்.

கீழ்வரிசையில் இசட் எழுத்துதான் ஸ. மாயாமாளவகௌளை ராகத்துக்கு இசட், எஸ், சி, வி, பி, எச், எம், மேல் ஸட்ஜத்துக்கு க்யூ. நான் சரளி வரிசையை இப்படித்தான் தட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது தங்கச்சி மகள் (ஏழாவது முடித்து லீவில் இருக்கிறாள்) வந்து, "மாமா, நான் கறுப்பை மட்டும் அழுத்துறேன்" என்று ஜி, எச், ஜே, 2, 3 என்று தட்டினாள். எதை அழுத்தினாலும் தப்பாகவே கேட்கவில்லை. நாலரைக் கட்டை சுருதியில் சுத்தமான மோகன ராகம் மாப்ளே! எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. அதே அஞ்சு கட்டை, ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். எச்-இல் ஸ வைத்தால் மத்தியமாவதி. ஜே-யில் வைத்தால் இந்தோளம், அந்தப் பஞ்சமம் செத்த கீபோர்டு ஞாபகம் வந்து சிரித்தேன். 2-இல் சுத்த சாவேரி, 3-இல் சுத்த தன்யாசி. இதைத்தான் கிரக பேதம், கிரக பேதம் என்று ஆர்மோனிய வாத்தியார் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னாரே, என் நாற்பது வயதில் ஒரு சின்னப் பிள்ளை ஜெராக்ஸ் கடையில் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தாள்.

எல்லாம் தேன் என்று எழுதினால் அது பொய். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம், ஏனென்றால் தட்டச்சுப் பலகைக்கு அழுத்தம் தெரியாது. பலத்தைத் திரையில் உள்ள திருகில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மூன்று எழுத்தைச் சேர்த்துப் பிடித்தால் சில சேர்க்கையில் மூன்றாவது பேசாது, உள்ளே கம்பிகள் வலைக் கண்ணி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் எது அழுத்தப்பட்டது என்று அதற்குக் குழம்பிவிடும். பாட்டுக்குழுவுக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிப்பவனுக்கு இது பெரிய தலைவலி. சுரத்தை அசைக்கிற கமகம் அறவே கிடையாது. பிட்ச் பெண்ட் என்று ஒரு நழுவுகோல் இருக்கிறது, வழக்கமாக இந்தப் பக்கம் ரெண்டு அரைச்சுரம், அந்தப் பக்கம் ரெண்டு. இடது கையில் எழுத்து, வலது கையில் மவுஸ் என்று தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துப் பார்த்தேன், வாத்தியார் இருந்திருந்தால் கணினியைக் கடலில் போட்டிருப்பார்.

ஆனாலும் உனக்கு இது போதும் என்றுதான் நினைக்கிறேன். இருபது வருஷமாக நீ எதையும் தொடவில்லை. முதலில் விரலுக்கு ஆசை இருக்கிறதா என்று பார், சரி என்று பட்டால் பிறகு கீபோர்டு வாங்கு. அப்போதும் யு.எஸ்.பி. மிடி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இதே சிந்தசைசரை அதிலும் ஓட்டலாம்.

ஊர்ச் சேதி வேறென்ன. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததில் இருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது, இந்தத் தடவை வந்தால் மண்டபத்தில் இறங்கிப் பஸ் தேட வேண்டாம். கச்சான் காற்று பிடித்துவிட்டது, ஷட்டர் நாள் பூராவும் தாளம் போடுகிறது. உன் வீட்டுப் பரணில் இருக்கிற ஆர்மோனியத்தை எடுத்துத் துடைக்கட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன், அவன் வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

தடைக்கால நிவாரணத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் வந்து நிற்கிறார்கள். ஜி, எச், ஜே, 2, 3. இன்று ராத்திரியே தட்டிப் பார்த்துவிட்டு எழுது.

உன்
பக்கத்து பெஞ்சு