எஞ்சினை மாற்றினால் போதுமா? டெல்டா லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட லாரி உரிமையாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குகளுக்கு நெல் மூட்டை ஏற்றும் பழைய வண்டிகளில், பழைய எஞ்சினை இறக்கிவிட்டு செகண்ட் ஹேண்ட் டர்போ எஞ்சின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ளது) பொருத்தியவையும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டி இழுக்கவில்லை, புகைக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் கழற்றப்படுவது டீசல் பம்ப்தான். பம்ப் பட்டறை நடத்தும் என்னிடம் அது வந்து சேர்கிறது. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அதில் குறை இருப்பதில்லை. மாற்றிப் பொருத்திய எஞ்சினைப் பழைய வண்டியோடு சேர்க்கும் இடங்களில்தான் குறை இருக்கிறது. இதைச் சொன்னால் எனக்கு வரும்படி குறையும், குறையட்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்குத் தரும் சிறு பம்ப்) வரையுள்ள குழாய் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால், எஞ்சின் ஓடும்போது அங்கே இணைப்பில் இடைவெளி இருந்தால் அதன் வழியாக டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றபின் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும்; அதனால்தான் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. குழாய் இணைப்பை அடைக்கும், ஒருமுறை நசுங்கிய செப்பு வாஷரையே மறுபடியும் போட்டு இறுக்குவது இதற்கு வழக்கமான காரணம். ஃபீட் பம்ப்புக்கு வரும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் குமிழி தெரிந்துவிடும். பம்ப்பைக் கழற்றும் கூலியில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

லோடில் கரும்புகை வந்தால் டீசலைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் காற்று போதாவிட்டாலும் கரும்புகை வரும்; டர்போ எஞ்சினுக்கு அதிகக் காற்று வேண்டும். பழைய எஞ்சினுக்கென்று இருந்த ஆயில் பாத் ஏர் கிளீனரையே (ஆயிலில் தூசியைப் பிடிக்கும் காற்று வடிகட்டி) மாட்டி வைத்தால் அது எங்கிருந்து மூச்சு விடும்? டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் இதே புகைதான். சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் டைமிங்கையும் (டீசல் பீய்ச்சும் நேரம்), நீலப்புகை என்றால் ஆயில் எரிவதையும் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை சூடு. வாய்க்கால் கரையில் முழு லோடோடு செகண்ட் கியரில் ஊரும் வண்டிக்கு எதிர்காற்று கிடைக்காது, ஃபேன் மட்டுமே துணை. எஞ்சின் சற்றுப் பின்தள்ளி அமர்ந்து, ஃபேன் ஷ்ரவுடுக்கு (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு இருக்கும் கூடு) வெளியே நின்றால், ரேடியேட்டரை எத்தனை முறை கழுவினாலும் சூடு காட்டும் மீட்டரின் முள் இறங்காது. அந்த முள்ளையும் நம்பிவிடக் கூடாது; பழைய மீட்டரும் புது சென்சாரும் பொருந்தாவிட்டால் சூட்டையும் ஆயில் பிரஷரையும் தவறாகவே காட்டும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் மையம் விலகினால், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் தேய்ந்துபோகும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்ததே. பிரேக்கும் ஆக்சிலும் பழையவை என்பதால், இழுவை கூடிய வண்டியில் லோடையும் கூட்டலாம் என்று உரிமையாளர் நினைப்பதுதான் எனக்குக் கவலை.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தபின் ஆர்சியில் ஒரு நம்பரும் எஞ்சினில் வேறு நம்பரும் இருந்தால் இன்சூரன்ஸில் என்ன பதில் வரும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

எனவே, எஞ்சின் மாற்றும் ஒவ்வொரு பட்டறையும் எரிபொருள் குழாய், ஏர் கிளீனர், ஃபேன், மீட்டர், மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு) ஆகியவற்றில் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை உரிமையாளரிடம் தர வேண்டும் என்றும், லோடேற்றித் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை ஓட்டிப் பார்த்த பிறகே மீதிக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்றும் உங்கள் சங்கங்கள் அடுத்த அறுவடைக்கு முன் தீர்மானம் போட வேண்டுகிறேன். அந்தத் தாளின் மாதிரியை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
மன்னார்குடி டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவர்