புகார் கடிதம்: மூடியைக் கழற்றாமலே "பேனல் போயிடுச்சு" என்று எழுதிக் கொடுத்த சர்வீஸ்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 09.02.2026

பொருள்: 43 அங்குல எல்இடி டிவியைத் திறந்து பார்க்காமல் பேனல் (படம் காட்டும் திரைக் கண்ணாடி) பழுது என்று அறிக்கை கொடுத்தது, உதிரிபாகம் விற்க மறுத்தது, வாங்கிய 590 ரூபாயைத் திருப்பிக் கேட்பது குறித்து.

ஐயா,

வணக்கம். இந்த டிவியை 2018 தீபாவளிக்கு முந்தின வாரம் தஞ்சாவூரில் வாங்கினோம். சுவரில் மாட்டுவதற்கு உங்கள் ஆள் வருவதற்குள் கஜா புயல் வந்துவிட்டது. நவம்பர் 16 விடியற்காலை ஓடு பறந்துகொண்டிருந்தபோது, பிரிக்காத அந்தப் பெட்டியை அப்பாவும் நானும் பத்தாயத்துக்குப் பின்னால் சொருகி, நெல்லுக்கு வைத்திருந்த தார்ப்பாயை அதன்மேல் போட்டோம். எங்கள் ஊருக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகுதான் டிவி சுவருக்குப் போனது. ஏழு வருஷமாக அது பெரிதாக ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பொருள் மட்டம் என்று நான் எழுத வரவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வருகிறது, திரை கருப்பு. அம்மாவுக்கு 76 வயது, காது மந்தம். சீரியலாக இருந்தாலும் செய்தியாக இருந்தாலும் அம்மா முகத்தையும் வாயசைவையும் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். மற்றவர்களுக்குப் படம் போனால் பாதி டிவி போன மாதிரி, அம்மாவுக்கு முழுசும் போன மாதிரி. அன்றைக்கே உங்கள் இலவச எண்ணில் பதிவு செய்தேன். பதினோராம் நாள்தான் தஞ்சாவூரிலிருந்து டெக்னீசியன் தம்பி வந்தார்.

வந்தவர் பிளக்கைக் கழற்றி மாட்டினார், ரிமோட்டை இரண்டு தரம் அழுத்தினார், திரையைத் தட்டிப் பார்த்தார். பின்பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. "பேனல் போயிடுச்சுண்ணே, இது மாத்துறதுக்கு வொர்த் இல்ல" என்று சொல்லிவிட்டு, போனிலேயே எஸ்டிமேட் போட்டார்: பேனல், கூலி, வரி எல்லாம் சேர்த்து 22,400 ரூபாய். வந்து பார்த்ததற்கு 590 ரூபாய் வாங்கிக்கொண்டார். மொத்தம் எட்டு நிமிஷம் இருந்திருப்பார்.

22,400 ரூபாய் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அரசு கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ஆயிரம். அப்படியென்றால் 22 சிப்பத்துக்கு மேல். எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம், இந்தச் சம்பாவில் ஒரு மாவில் கண்ட நெல் அதைவிடக் குறைவு. மூட்டையைக் களத்தில் அடுக்கிவிட்டு, பனிக்கு மூடி போட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமே என்று இரண்டு ராத்திரி காவல் கிடந்து சேர்த்த பணம். அதை எட்டு நிமிஷத்தில் ஒருவர் வாயால் சொல்லிவிட்டுப் போனதை நம்பிச் செலவு செய்ய மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் உங்கள் கம்பெனியிலிருந்தே ஒரு பெண் பேசினார். சர்வீஸ் பற்றி என்று நினைத்தேன். பழைய டிவிக்கு 1,500 ரூபாய் எக்ஸ்சேஞ்ச், புதுசு 26,990, தவணை உண்டு, ஜிஎஸ்டி வேறு குறைந்திருக்கிறது என்றார். குறைந்தது உண்மைதான், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. ஆனால் நான் புதுசு வேண்டும் என்று கேட்கவே இல்லை. என் டிவி ரிப்பேர் என்பதை அவருக்குச் சொன்னது யார்? அந்த வாரத்தில் இப்படி நான்கு அழைப்பு வந்தது. பழுது பார்க்க ஒருவர் வருவதற்குப் பதினோரு நாள், விற்பதற்கு ஒருவர் கூப்பிட ஒரு ராத்திரி.

அதற்காக, யோசிக்காமல் ரிப்பேரே செய்வேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. அக்கா மகன் வந்து, "மாமா, இதுல பாதி ஆப் அப்டேட்டே ஆகாது, 4கே வாங்கிடலாம்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேனல் நிஜமாகவே உடைந்திருந்தால், அல்லது இடி விழுந்து பாதித் திரை கோடு கோடாக ஆகியிருந்தால், ஏழு வருஷ டிவிக்கு 22,400 போடுவது முட்டாள்தனம்தான், புதுசே வாங்கியிருப்பேன். மெயின் போர்டு போய், அந்த போர்டும் கிடைக்காது என்றாலும் அப்படித்தான். எனக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்று: உள்ளே எது போயிருக்கிறது என்ற உண்மை. அது தெரிந்தால் ரிப்பேரா புதுசா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்வோம். அந்த உண்மையைச் சொல்லத்தான் 590 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

கடைசியில் எங்கள் கடைத்தெரு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவியை இரண்டு தரம் சரிசெய்து பதினோரு வருஷம் ஓட வைத்தவர் அவர்தான். இந்த டிவிக்கும் 2021-ல் ஒரு வேலை செய்திருக்கிறார். குறுவைக்கு எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கி, பவர் போர்டில் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பிவிட்டது. 650 ரூபாயில் மாற்றிக் கொடுத்து, ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் வந்தார். முதலில் கூடத்து லைட்டை அணைக்கச் சொன்னார். டிவியைப் போட்டார், சத்தம் வந்தது. செல்போன் டார்ச்சைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பட்ட இடத்தில், கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. டார்ச்சை நகர்த்தினால் தோள் தெரிகிறது, இன்னும் நகர்த்தினால் கீழே ஓடும் எழுத்து தெரிகிறது. அம்மாதான் முதலில், "படம் இருக்குடா உள்ள" என்றார்கள்.

"பேனல் நல்லாத்தான் இருக்கு தம்பி, அதுக்குப் பின்னாலேருந்து வெளிச்சம் கொடுக்கிற பேக்லைட் போயிருக்கு" என்றார் அண்ணன்.

மறுநாள் பகலில் கட்டிலில் ஜமுக்காளம் விரித்து, மேலே வேட்டியைப் போட்டு, டிவியைக் குப்புறப் படுக்க வைத்துத் திறந்தார். போர்டைப் பார்த்தார், பிறகு டிவியைத் திருப்பி, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கினோம். அதன் ஓரத்தில் படச்சுருள் மாதிரி மெல்லிசாக ரிப்பன்கள் இருக்கின்றன. ஒன்று கிழிந்தாலும் பேனல் அவ்வளவுதான் என்று மூச்சுக்கூட விடாமல் பிடிக்கச் சொன்னார். அடியில் வெள்ளை ஷீட்டுகள், அதற்கும் அடியில் மூன்று பட்டைகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன எல்இடி, தலைக்கு ஒரு லென்ஸ் தொப்பி. நடுப்பட்டையில் மூன்றாவது தொப்பியை எடுத்தபோது, அரிசியளவு மஞ்சள் சில்லு நடுவில் ஊசி முனை அளவுக்குக் கருகியிருந்தது. எல்லாம் ஒரே வரிசையில் இணைத்திருப்பதால் ஒன்று அறுந்தால் மொத்த வரிசைக்கும் மின்சாரம் போகாது, போர்டு பாதுகாப்புக்காக எல்லாப் பட்டைகளையும் நிறுத்திவிடும் என்று விளக்கினார். அவ்வளவுதான் ஐயா, அரிசியளவு சில்லு ஒன்று.

பட்டை மூன்றையும் மாற்றுவதுதான் நல்லது, மற்ற இரண்டுக்கும் அதே வயசுதானே, இன்னொரு தரம் கண்ணாடியைத் தூக்கக் கூடாது என்றார். சரி, கம்பெனிப் பட்டையே வாங்கிவிடலாம் என்று உங்கள் எண்ணுக்குப் பேசினேன். முதலில் பேசியவர் மாடல் நின்றுபோய்விட்டது, பாகம் கிடையாது என்றார். இரண்டாவதாகப் பேசியவர், பேனலோடு சேர்த்துத்தான் வரும், தனியாக விற்பதில்லை என்றார். மூன்றாவதாகப் பேசியவர் சென்னையில் இருக்கிறது, ஆனால் வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்க மாட்டோம் என்றார். மூன்று பேரும் ஒரே கம்பெனி, ஒரே பாகம், மூன்று பதில். இதில் எது நிஜம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அண்ணன் வெளியில் வாங்கிய பட்டைகளைப் போட்டுக் கொடுத்தார். பட்டை 1,600, கூலி 1,200. ஆக 2,800 ரூபாய், நீங்கள் சொன்னதில் எட்டில் ஒரு பங்கு. பேக்லைட் அளவை எப்போதும் நூறில் வைக்காமல் அறுபதில் வைத்தால் பட்டை இன்னும் நாள் தாங்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஏழு வருஷத்தில் உங்களிடமிருந்து யாரும் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை. இன்றோடு ஐந்து நாளாகிறது, படம் முன்பு போலவே இருக்கிறது.

வந்த தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஊர் போக வேண்டும் என்று அவரே புலம்பினார். திறந்து பார்க்க நேரம் கொடுக்காமல், பாகத்தைக் கையில் கொடுக்காமல், பேனல் என்று எழுதினால் போதும் என்று அவரைப் பழக்கியது உங்கள் ஏற்பாடு. அதைத்தான் குறை சொல்கிறேன். எங்கள் ஊரில் மட்டும் இந்த இரண்டு வருஷத்தில் சத்தம் வந்து படம் வராத டிவியைக் கழித்துவிட்டுத் தவணையில் புதுசு வாங்கிய வீடுகள் எனக்குத் தெரிந்தே மூன்று. அதில் ஒன்று நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா வீடு. அவர்கள் வீட்டிலும் யாராவது டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் என்று அன்றையிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம், 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறோம் என்றீர்களே, அந்த டிவி எங்கே போயிருக்கும்? 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. பொருளைச் சரிசெய்து பயன்படுத்துவது வாங்கியவரின் உரிமை என்று மத்திய நுகர்வோர் துறை 2022-லேயே குழு அமைத்து, அந்த வருஷ டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்துவிட்டது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். நல்ல பேனல் உள்ள டிவியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது அந்த எண்ணத்துக்கு நேர் எதிரானது.

எனவே, பார்க்காமல் பார்த்ததாக வாங்கிய 590 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். "பேனல் பழுது" என்ற அறிக்கையைத் திருத்தி, பேக்லைட் பழுது என்று எழுத்தில் கொடுங்கள். இந்த மாடலுக்குப் பட்டை இருக்கிறதா, விலை என்ன, ஊர் மெக்கானிக் வாங்க முடியுமா என்பதற்கு ஒரே பதில் வேண்டும். என் எண்ணை விற்பனைப் பிரிவுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், திரை கருத்துப்போன எந்த டிவியையும், வீட்டுக்காரர் கண்முன்னால் டார்ச் அடித்து, மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பேனல் என்று எழுதக் கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு உத்தரவு போடுங்கள். இது ஒன்றைச் செய்தால் 590 ரூபாயைக்கூட விட்டுவிடுவேன்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அறுப்பு முடிந்துவிட்டது, எனக்கு நேரமும் இருக்கிறது.

590 ரூபாய் ரசீது, உங்கள் எஸ்டிமேட், டார்ச் வெளிச்சத்தில் படம் தெரியும் காணொளி, கருகிய சில்லின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பழைய பட்டைகள் மூன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் இன்ஜினியர் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால் சாயந்திரம் ஆறு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். அதற்குமேல் அம்மா டிவி பார்க்கும் நேரம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.