வாட்டைப் பார்த்து வாங்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டப்பா டிவியை வெக்டர் மானிட்டராக, அதாவது படத்தைக் கோடுகளாக வரையும் திரையாக மாற்றி, 1979-இல் அட்டாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் விளையாட்டை ஓட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். பிக்சர் டியூப் டிவி பழுதுபார்த்தே குடும்பம் நடத்தியவன் நான். எடைக்குப் போகிற டியூபுக்கு இப்படியொரு வாழ்வு கிடைப்பதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் திரையில் கற்றையை நகர்த்த ‘100 வாட் ஆடியோ போர்டு இரண்டு போதும்’ (பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் போர்டைத்தான் சொல்கிறார்கள்) என்ற வரியை அப்படியே விட மனம் வரவில்லை. பிள்ளைகள் அதை நம்பிக் காசைக் கரைப்பார்கள்.

சாதாரண டிவியில் எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடும். வெக்டரில் கற்றையே பேனா. கோடு போகும் வழியிலேயே அதுவும் போக வேண்டும். அதை இழுப்பது, டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற கம்பிச் சுருளின் (காயில்) உள்ளே ஓடும் கரண்ட். காயில், ஸ்பீக்கர் மாதிரி அல்ல. கரண்டைச் சட்டென்று மாற்றப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு வோல்ட் கொடுத்தாக வேண்டும். காயிலின் இந்த முரண்டை ஹென்றி என்ற அளவில் சொல்வோம். 1 மில்லிஹென்றி காயிலில் 4 ஆம்பியர் மாற்றம் 100 மைக்ரோசெகண்டில் நடக்க 40 வோல்ட் தேவை. டிவி யோக்கில் கற்றையை மேலும் கீழும் இழுக்கும் வெர்டிகல் காயில் 20 மில்லிஹென்றி என்று வையுங்கள். அதற்குக் கரண்ட் குறைவாகவே போதும்தான். ஆனாலும் அதே நேரத்தில் 1 ஆம்பியர் மாற்றவே 200 வோல்ட் வேண்டும். அந்தக் காயிலின் இரு பாதிகளும் தொடராக இருந்தால் பிரித்து இணையாகக் கட்டலாம். ஹென்றி கால்வாசியாகும், கரண்ட் இரட்டிப்பாகும். அதுவும் போதாவிட்டால் குறைந்த சுற்றில் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும்.

ஆகவே காயிலை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எத்தனை வோல்ட் தாங்கும் என்பது. டிடிஏ 2030 கூட்டல் கழித்தல் 18 வோல்ட்டோடு நின்றுவிடும். எல்எம் 3886 என்றால் 42 வரை போகலாம். அப்புறம், ரெடிமேட் ஆடியோ போர்டுகளின் உள்ளீட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பாட்டுக்கு அது சரி. இங்கே படத்தை இடம் தள்ளிவிடும், எடுத்துவிட வேண்டும். ஃபீட்பேக்கையும் (வெளியீடு சரியா என்று ஆம்ப்ளிஃபயருக்கே திருப்பிச் சொல்லும் சிக்னல்) வோல்ட்டிலிருந்து எடுக்காமல், யோக்குக்குத் தொடராக 1 ஓம் போட்டு அதில் ஓடும் கரண்டிலிருந்து எடுக்க வேண்டும். அந்த ஓம் வெள்ளைக் கட்டி ஒயர்வுண்ட் ரெசிஸ்டராக இருக்கக் கூடாது, அதுவே ஒரு குட்டிக் காயில். 10 ஓம், 1 வாட் மெட்டல் ஃபிலிம் பத்தை இணையாக வைத்தால் நன்றாக வேலை செய்யும். முன்னால் போடும் ஆப்-ஆம்ப் (சிறு சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) மெதுவான 741 ஆனால் எழுத்தின் மூலைகள் மழுங்கிப்போகும். டிஎல் 072 போடுங்கள்.

சூடு பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 40 வோல்ட் சப்ளையில் திரை ஓரத்தில் 2 ஆம்பியரோடு கற்றை நிற்கிறது. காயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்து 2 ஓம் என்றால் 4 வோல்ட்தான் அங்கே விழும். மிச்சம் 36 வோல்ட்டும் காயிலுக்குக் கரண்ட் தரும் டிரான்சிஸ்டர் தலையில்: 72 வாட், அதுவும் ஒரே டிரான்சிஸ்டரில்! பாட்டு கேட்கும்போது இப்படி நிற்காது. 65 வாட் டிஐபி 41 இதற்கு ஆகாது. 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 ஜோடி 150 வாட், வேகமும் நிறைய. சந்தையில் போலி அதிகம் என்பதால் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் பெரிதாக இருக்கட்டும்.

கற்றையைப் பக்கவாட்டில் இழுக்கும் ஹாரிஸான்டல் காயிலை டிவி சுற்றிலிருந்து கழற்றினால், அதன் ஒயர் இணைப்பில் இன்னொரு பழைய யோக்கை மாட்டாமல் செட்டைப் போடக் கூடாது. கற்றை ஓரிடத்தில் உறைந்து நின்றால் திரையின் உட்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு பொசுங்கிவிடும். கரண்ட் அசையாதபோது கற்றையை அணைக்கும் சுற்று கட்டாயம் தேவை. கலர் டியூபின் ஆனோடில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் தங்கும். அடுத்த வாரம் இரண்டாம் பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். டியூபில் தங்கிய மின்சாரத்தை எர்த்தில் இறக்கும் (டிஸ்சார்ஜ்) முறையை, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யச் சொல்லி, அதில் கட்டம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு டிவி மெக்கானிக், பொள்ளாச்சி